மேல்மூலை மண்

ஜூன் 9, திங்கள்
போடியில் தூறல், மலைமேல் மெட்டில் கொட்டு மழை. ஏழு மணி ஜீப்பில் மேலே போனேன். வீட்டுக்காரர் இறந்து பத்து மாசம். ஏலக்காய்த் தோட்டத்தைப் பார்க்க இப்போ நான் மட்டும். கீழ்ச்சரிவுச் செடி பாதிக்கு மேல் கோடையில் காய்ஞ்சுபோச்சு. மேல்மூலை மட்டும் பச்சை. அங்கே உர மூட்டை ஏறினதே இல்லை. "செங்குத்தால்ல இருக்குக்கா, யாரு சொமப்பா?" என்றாள் ராசம்மா. தோட்டத்தில் ரொம்ப வருசமா வேலை செய்கிறவள்.
ரெண்டு இடத்திலும் வேர், மண் எடுத்தேன், பரிசோதனைக்குக் கொடுக்க. தனித்தனிப் பை. பேனா கசிந்து சேலையெல்லாம் மை.

ஜூன் 12, வியாழன்
மண் பரிசோதனைக் கூடம். அங்குள்ள பொண்ணு வேருக்கு நீலச் சாயம் ஏற்றி வைத்திருந்தாள். மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். மேல்மூலை வேருக்குள் நூல் நூலாக நீலம். வேர்ப் பூசணமாம். எட்டத்து ஈரத்தையும் சத்தையும் செடிக்கு இழுத்துத் தருமாம். கீழ்ச்சரிவு வேரில் ஒண்ணுமே இல்லை.
"மண்ணுல மணிச்சத்து, அதான் பாஸ்பரஸ், ரொம்பக் கூடிப்போச்சும்மா. எல்லாம் கிட்டக்கவே கெடச்சா செடி பூசணத்தைச் சேத்துக்காது. யாரு இவ்வளவு உரம் போட்டது?"
"வீட்டுக்காரர்."
அவள் ஸ்லைடை எடுத்துத் துடைத்தாள். கடையில் விற்கிற பூசணம் போடலாமா என்றேன். இந்த மண்ணில் பிடிக்காதாம். உரத்தை நிறுத்தணும், சில வருசம் பொறுக்கணும். புதுக்குழியில் மேல்மூலை மண்ணைப் போட்டுப் பார்க்கலாம். உறுதி இல்லை.
பஸ்ஸில் மகளுக்குப் போன். "மீட்டிங்ல இருக்கேன்மா." அந்த நீலத்தை யாரிடமாவது சொல்லணும் போல இருந்தது. பக்கத்து சீட்டு அம்மா தூங்கிட்டாங்க.

ஜூன் 13, வெள்ளி
நேற்றைய ரசம். உர லோடு வேண்டாம்னு கடைக்குச் சொல்லிட்டேன். பதினோரு மணிக்கெல்லாம் ராசிங்காபுரத்திலிருந்து வீட்டுக்காரரின் அண்ணன் வந்துட்டார், கடைக்காரர் சொல்லியிருப்பார்.
"அவன் செத்து வருசம் திரும்பல. அதுக்குள்ள அவன் செஞ்சது தப்புன்னு ஊருக்குக் காட்டணுமா, ஆத்தா?"
"தப்புன்னு சொல்லல. செடி சாகுது."
தண்ணிகூடக் குடிக்காமல் போனார்.
ஒவ்வொரு செடித் தூருக்கும் தன் கையால்தான் உரம் வைப்பார் வீட்டுக்காரர். வேலையாளை விடமாட்டார். பாசமாத்தான் வைத்தார். இதை எங்கே போய்ச் சொல்ல. அழுதேன். பிறகு துணி மடித்தேன்.

ஜூன் 16, திங்கள்
மழை விட்டிருக்கு. வேலைக்கு ஆள் வரவில்லை. போகவேண்டாம்னு அந்த அண்ணன் சொல்லியிருப்பார். ராசம்மா மட்டும் வந்தாள். மேலிருந்து கூடையில் மண் இறக்கி, கீழே முப்பது புதுக்குழியில் போட்டோம். ரெண்டு தடவை வழுக்கி விழுந்தேன்.
மதியம் பாறையில் தனியாக உட்கார்ந்தேன். ராசம்மா தூக்குச்சட்டியோடு வந்தாள். பாதிக் கஞ்சியை மூடியில் ஊற்றி நீட்டினாள்.
"தனியாத் தின்னா எறங்காதுக்கா."
இறங்கியது.