பிரைடி நீட்டிய சிவப்புக் கை

அன்பு மகள் லொரெட்டாவுக்கு,

உன்னை வளர்த்து ஆளாக்கியவனும், இந்தத் துறைமுகத்தின் கடலுக்கும் காற்றுக்கும் தானே அதிபதி என்று சொல்லிக்கொள்பவனுமான உன் ஆம்புரோஸ் மாமா எழுதுவது. இங்கே நானும் உன் மகள் பிரைடியும் சுகம். அங்கே ஆல்பர்ட்டா எண்ணெய் வயலில் நீ குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போகிறாய் என்றால் எனக்குப் பாதிக் கவலை தீரும். நேற்று அடித்த காற்றில் பக்கத்து வீட்டுக் கோழி பறந்துபோய் அயர்லாந்தில் முட்டையிட்டிருக்கிறது, நம் கூரை மட்டும் தப்பியது.

பிரைடியை நகரத்துச் சிறப்புப் பள்ளியில் சேர்ப்பதா, இங்கேயே எல்லாப் பிள்ளைகளோடும் விடுவதா என்று வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்றாயே. பேச்சு வராத குழந்தை வாயாடிக் கூட்டத்தில் காணாமல் போய்விடுவாளோ என்ற பயம் எனக்கும் இருந்தது. செவ்வாயன்று நடந்ததைக் கேள்.

பாலர் பள்ளிக்குக் கதை சொல்ல வரும்படி டெல்ஃபின் டீச்சர் அழைத்திருந்தார். சக்கரவர்த்தி மாதிரி ஒரு குட்டி நாற்காலியில் அமர்ந்தேன், நாற்காலி முனகியது. வால் நம் துறையிலும் தலை அடுத்த துறையிலுமாக நான் பிடித்த காட் மீனின் கதையை அவிழ்த்துவிட்டேன். மீன் படகை விழுங்க வாய் திறக்கும் இடத்தில் ஜன்னல் அதிரக் கர்ஜித்தேன். பிரைடி எழுந்து வந்தாள். பேச்சுக்குப் பதிலாக இடுப்பில் தொங்கும் பட அட்டைகளைப் புரட்டி ஒன்றை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். சிவப்புக் கை. போதும் என்று அர்த்தம். வீட்டில் அவள் அதைத் தொட்டதே இல்லை, முகம் சுளிக்கும் முன்பே நான்தான் ஓடிப்போய் எல்லாம் செய்துவிடுகிறேனே. விளையாடுகிறாள் என்று கன்னத்தைத் தட்டிவிட்டு இன்னும் பெரிதாகக் கர்ஜித்தேன்.

மீன்கடை ஸ்டெல்லாவின் மகள் ஹேஸல், வாய்க்குப் பூட்டே இல்லாதவள், இடுப்பில் கை வைத்து நின்றாள். “மாமா, அவ போதும்னு சொல்லிட்டா. உங்களுக்குக் காது கேக்கலையா?” என்றாள். சொன்னால் நிறுத்தணும், எங்க வகுப்பில் அப்படித்தான் என்று மற்றதுகளும் சேர்ந்துகொண்டன. பாதிரியாராலும் புயலாலும் உன் அத்தையாலும் முடியாதது நடந்தது. நான் வாயை மூடினேன்.

பிரைடி யோசித்தாள். பிறகு உதட்டில் விரல் வைத்த படத்தை எடுத்துக் காட்டினாள். மெதுவாகச் சொல்ல வேண்டுமாம். மிச்சக் கதையைக் கிசுகிசுத்தேன். பிள்ளைகள் எல்லாம் என் முழங்காலோடு ஒட்டிக்கொண்டு கேட்டன, பிரைடி ஹேஸல் தோளில் சாய்ந்திருந்தாள். என் மீன் அவ்வளவு பெரிதாக ஒருநாளும் இருந்ததில்லை.

பெற்றவள் நீ, முடிவு உன்னுடையது. ஆனால் அவள் சொல்லுக்கு என் வீட்டைவிட அந்த வகுப்பில் மதிப்பு அதிகம் கண்ணு, அவளை அங்கேயே விடு. அந்த டீச்சரும் அந்த வாயாடிகளும் நூறு வருஷம் நன்றாக இருக்கட்டும்.

பெர்ரி ஜாமும் கம்பளிக் காலுறையும் அனுப்பியிருக்கிறேன். ஜாமைக் காலில் போடாதே. கடவுள் உன் பக்கத்திலேயே இருக்கட்டும். வெள்ளிக்கிழமையை மறந்துவிடாதே. இன்னும் பத்துப் பக்கம் எழுத விஷயம் இருக்கிறது, ஆனால் பிரைடி வந்து இந்தத் தாளின் மேல் சிவப்புக் கையை வைத்துவிட்டாள்.

சொன்னால் நிறுத்துகிற,
உன் ஆம்புரோஸ் மாமா