மேல் வரிசைப் பெட்டிகள்

ஜூன் 9, திங்கள்

ஹாம்பர்க்கிலிருந்து மின்னஞ்சல். நாங்கள் அனுப்பிய முருங்கை இலைப் பொடி முழுவதையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். பெட்டிகள் நனைந்து, பொடி கட்டிதட்டி, பூஞ்சை பிடித்திருக்கிறதாம். இன்னும் ஒரே ஒரு கன்டெய்னர் எடுத்துப் பார்ப்பார்கள். அதுவும் இப்படியென்றால் வேறு ஆளைத் தேடிக்கொள்வார்கள்.

பிராங்கிளின் சாப்பிடவில்லை. "கப்பக்காரன் மேல கேஸ் போடுவோம் ஐரின்" என்கிறார். கல்யாணமான புதிதில் இரண்டு பேரும் வேலையை விட்டுவிட்டு ஆரம்பித்த தொழில் இது.

ஜூன் 10

இலை உலர்த்தும் கூடத்தை நிறுத்தினோம். இன்னொரு கன்டெய்னருக்கான பொடி கிடங்கில் தயாராக இருக்கிறது. வேலை செய்யும் பெண்களை வீட்டுக்கு அனுப்பியாயிற்று. இப்படியே விட்டுவிட மாட்டேன்.

ஜூன் 13

ஹாம்பர்க்கிலிருந்து படங்கள் வந்தன. மேல் வரிசைப் பெட்டிகள் எல்லாம் நனைந்திருக்கின்றன. அடி வரிசை அவ்வளவு மோசமில்லை. கன்டெய்னர் கூரையில் ஓட்டை இருந்தால் ஒரு மூலைதானே நனையும்? இது கன்டெய்னர் உள்ளுக்குள்ளேயே வியர்த்துச் சொட்டியது. அப்படியானால் அந்த ஈரம் இங்கிருந்துதான் போயிருக்கிறது. எதில் போனது? பொடியைச் சோதித்துத்தானே அனுப்பினோம்?

ஜூன் 19

கண்டுபிடித்துவிட்டேன்!

பெட்டிகளை அடுக்கும் மரப் பேலட்டுகளில் மிச்சமானவை கிடங்குக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தன. காலையில் தார்ப்பாயைத் தூக்கினேன். மழையே இல்லை, ஆனால் உள்பக்கம் முழுக்க நீர்த்துளி. முகத்தில் சொட்டியது. பச்சை மரம். இன்னும் காயவில்லை. கப்பல்காரர் மேல் தப்பே இல்லை.

ஜூலை 4

புதுப் பேலட் வந்தது. காய்ந்த மரம்தான் வேண்டும் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். ஈரம் அளக்கும் கருவியின் ஊசியை மரத்தில் குத்திப் பார்த்தேன். அதே பச்சை மரம். கொண்டுவந்த சூசைராஜ் சிரித்தார்.

"சூடு காட்டி முத்திரை போட்ருக்கம்லக்கா, பாக்கலயா?"

"அது பூச்சிக்குண்ணே. ஈரத்துக்கு எங்க முத்திரை?"

அப்படியே திருப்பி அனுப்பிவிட்டேன். பிராங்கிளினுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாளைக்குள் கன்டெய்னர் தூத்துக்குடி போய்ச் சேராவிட்டால் கப்பல் கிளம்பிவிடும். லாரிக்காரர் நிற்கிறார் என்றும் பாராமல் என்மேல் சத்தம் போட்டார்.

"இம்புட்டுப் பிடிவாதம் ஆகாது. கப்பல விட்டா அவன் நம்மள விட்ருவான்."

"தேதி தப்புனா மன்னிப்புக் கேக்கலாங்க. மறுபடி பூஞ்சையோட போனா என்னன்னு கேக்குறது?"

பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் ஹாம்பர்க்குக்கு உள்ளதை உள்ளபடி எழுதினேன் — மரம் ஈரம், இந்தக் கப்பலை விடுகிறேன், அடுத்ததில் வரும். நான் செய்வது சரியா? சரிதான். சரியாகத்தான் இருக்கணும்.

ஜூலை 5

கப்பல் போய்விட்டது.

ஜூலை 8

பதில் வந்தது. "காத்திருக்கிறோம்." அவ்வளவுதான். கோபமா, பொறுமையா, தெரியவில்லை.

பிராங்கிளின் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை. மத்தியானம் முழுக்க ஈரக் கருவியைக் காணோமென்று தேடினேன். சாயங்காலம் அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தார். வத்தலக்குண்டு வரை பட்டறை பட்டறையாக ஏறி இறங்கியிருக்கிறார்.

"காஞ்ச மரம் இருக்கு. நானே குத்திப் பாத்தேன்" என்றார்.

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன்.

ஜூலை 16

லோடு ஏறியது. ஏற்றும் முன் காலிக் கன்டெய்னருக்குள் நின்று கதவைச் சாத்தச் சொல்லிப் பார்த்தேன். எங்கும் ஒரு பொட்டு வெளிச்சமில்லை, ஓட்டையில்லை. பேக்கிங் பார்க்கும் மாயக்காள் ஒவ்வொரு உள்பையின் ஒட்டிய வாயையும் இழுத்துப் பார்த்துத்தான் பெட்டியை மூடினாள். ஈரம் உறிஞ்சும் பைகளைச் சுவரோரமாகத் தொங்கவிட்டோம்.

பாதியில் தூறல். உடனே நிறுத்தினேன். டிரைவர் முணுமுணுத்தார். "செத்த நேரம் பொறுங்கண்ணே, தரை காயட்டும்" என்று அவரிடம் சொன்னது நானில்லை, பிராங்கிளின்.

ஆகஸ்ட் 21

கப்பல் எங்கே போகிறதென்று இன்று ஃபோனில் பார்க்கவே கூடாது என்றிருந்தேன். பார்த்துவிட்டேன்.

செப்டம்பர் 3

கதவு திறக்கும் வீடியோ அனுப்பியிருக்கிறார்கள். கூரை காய்ந்த இரும்பாக இருக்கிறது. ஒருவர் பையைக் கிழித்துக் கவிழ்க்கிறார் — பொடி பொலபொலவென்று, பச்சை மாறாமல் கொட்டுகிறது. பிராங்கிளின் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார். பிறகு உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

செப்டம்பர் 8

அடுத்த ஆர்டருக்காக ஆத்தூரிலிருந்து இலை வண்டி வந்துவிட்டது. கூடத்தில் பெண்களின் சத்தம் தெரு வரைக்கும் கேட்கிறது. இலை அலசும் தொட்டியில் தண்ணீர் நிரம்பிக்கொண்டிருக்கிறது. "ஐரின், செத்த வா, இலை வாடுது" என்று பிராங்கிளின் கூப்பிடுகிறார். போகணும்.