பாதிவழிக் குடிசையில் சிராய் இல்லை

1900 பிப்ரவரி 6
ஹில்டா இன்று போய்விட்டாள். உறைந்த யூக்கான் ஆற்றின் மேலேயே நோம் என்ற ஊருக்கு. அங்கே கடற்கரை மணலிலேயே தங்கமாம். எங்கள் தங்கச் சுரங்க ஊரில் இப்போது பாதி வீடுகள் காலி. பள்ளிக்கூடத்தை விட்டபின் எனக்கிருந்த ஒரே சிநேகிதி.

அவளை வழியனுப்பும் அவசரத்தில்தான் நேற்று, வழிப்போக்கர்கள் தங்கும் பாதிவழிக் குடிசையிலிருந்து ஓடிவந்தேன். சறுக்குவண்டியில் நாய்களைப் பூட்டிக்கொண்டே அப்பா கேட்டார்: "சிராய் சீவி வெச்சியா, ரக்னா?"

"வெச்சுட்டேன்பா."

வைக்கவில்லை. இருந்ததையும் எங்கள் தேநீருக்கே எரித்திருந்தேன். அடுத்து வருகிறவருக்கு அடுப்புப் பற்றவைக்கச் சீவி வைத்துவிட்டுத்தான் அங்கே கதவைச் சாத்த வேண்டும். தெரியும். ஆனால் ஒரு தடவைதானே?

பிப்ரவரி 8
தபால்கார ஏமில், பனிக்கட்டிமேல் ஓடிய தண்ணீரில் விழுந்து நனைந்து, அந்தக் குடிசைக்குத் தவழ்ந்து போயிருக்கிறார். விறகு இருந்தது, சிராய் இல்லை. விறைத்த கையில் கத்தி நிற்கவில்லை. பின்னால் வந்தவர்கள் காப்பாற்றினார்கள்.

உயிர் இருக்கிறது. இடது கை விரல்கள் குளிரில் செத்துப் போய்விட்டன. சனிக்கிழமை நடனத்துக்கெல்லாம் பிடில் வாசித்த விரல்கள்.

நான் செய்தது. நான்.

பிப்ரவரி 11
கடையில் அடுப்பைச் சுற்றி இருந்தவர்கள் அப்பாவுக்கு இடம் விடவில்லை.

"கடைசியா தங்கினது நீதானே, நில்ஸ்?" என்றார் கடைக்கார மர்ஃபி. "கத்தி மழுங்கிடுச்சா, மனசு மழுங்கிடுச்சா?"

அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. "மறந்துட்டேன். தப்பு என்னுதுதான்."

ஏம்பா அப்படிச் சொன்னீங்க? தெரிஞ்சுதான் சொன்னீங்களா? வீடு வரும்வரை அவர் முதுகைப் பார்த்தபடியே பின்னால் நடந்தேன்.

பிப்ரவரி 14
அப்பாவின் கூட்டாளி ஸ்வென் இனி எங்கள் சுரங்கக் குழியில் இறங்க மாட்டாராம். "மேல கயிறு பிடிக்கிறவனை நம்பித்தானே கீழ போறோம்? உன்னை எப்படி நம்புறது?" அப்பா தனியாக, மண் தூக்கும் வாளியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

பிப்ரவரி 17
தனியாகக் கடைக்குப் போனேன். எல்லோரும் இருந்தார்கள். ஏமிலும் இருந்தார்.

"அப்பா இல்ல. நான்தான் சீவல. சீவிட்டேன்னு பொய் சொன்னேன்."

"கேக்கல. சத்தமா சொல்லு," என்றார் மர்ஃபி.

மறுபடி சொன்னேன். ஏமில் எழுந்து வெளியே போய்விட்டார்.

மார்ச் 3
ஸ்வென் குழிக்குத் திரும்பிவிட்டார். என்னோடு பேசுவதில்லை.

தினமும் காலையில் சிராய் சீவி ஏமில் வீட்டு வாசலில் வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவேன். இன்று கதவு திறந்தது. ஏமில் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"தடிமனா இருக்கு பொண்ணே. இன்னும் சன்னமா சீவு. ஒத்தைக் கையால பத்த வைக்கணும்ல?"

அவருக்குப் பின்னால் சுவரில் பிடில் மாட்டும் ஆணி மட்டும் இருந்தது.

வாசலிலேயே உட்கார்ந்து சீவினேன்.