பழைய போத்தலில் இருந்த ஈரம்

இன்று காலை ஆய்வுகூடத்தில் லந்தனம் ஐசோபுரொப்பொக்சைட் போத்தலைத் திறந்தேன். மூடி சரியாக இறுகவில்லை போலும். காற்றின் ஈரம் பட்டு, ஊசி போடுமுன் கையில் தடவும் ஸ்பிரிட்டைப் போல் வாசம் வந்தது. உடனே உன் ஞாபகம்தான்.

தொண்ணூறுகளின் கடைசியில் இந்த அருமண் உலோகச் சேர்வையைத்தான் நாம் இருவரும் இணைப்பைத் தூண்டும் ஊக்கியாக வைத்து, இரண்டு சிறு மூலக்கூறுகளைக் காபனோடு காபனாக இணைக்கப் பார்த்தோம். நீ நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்பிலிருந்து வந்தவள், நான் பதுளை டவுன். உன் குடுவையில் இணைப்பு ஏறக்குறைய முழுதாக நடந்தது. நான் மூன்று முறை திரும்பச் செய்தேன், ஒன்றும் நடக்கவில்லை. "இது குடுவையில் வந்த முடிவில்லை, கொப்பியில் எழுதிச் சேர்த்த முடிவு" என்றார் நம்மை வழிநடத்திய பேராசிரியர், எல்லோர் முன்னாலும். நான் வாய் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் கேட்டாய்: "பாத்ததத்தான் எழுதினேன். நீயுமா நம்பல?"

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான் நடந்துவிட்டேன். அந்த வாரமே ஆய்வை விட்டுவிட்டாய். தெமோதரையில் பாடசாலை ஆசிரியையாகிவிட்டாய் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஏழு வருடம் கழித்து, ஆய்வுகூட அலுமாரியை ஒதுக்கும்போது உன் குறிப்புக் கொப்பி கிடைத்தது. ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தாய்: "மழை. கரைப்பான் பழைய போத்தல்." அந்தக் கரைப்பானில் ஈரம் ஏறியிருக்கும்; நானோ ஒவ்வொரு முறையும் கரைப்பானை முற்றாக உலர்த்தியிருந்தேன். ஈரம் பட்டால் ஊக்கி கெட்டுவிடும் என்றுதானே படித்தோம்? உலர்ந்த கரைப்பானில் மிகச் சிறிதளவு நீரை அளந்து விட்டேன். இணைப்பு நடந்தது. மறுநாளும் நடந்தது. நீர் கூடினால் கெட்டது; கொஞ்சம் இருந்தால்தான் வேலை செய்தது.

அந்த ஞாயிறே ரயிலேறி தெமோதரைக்கு உன் வீட்டுக்கு வந்தேன். முடிவுகளை எழுதி நான் நீட்டிய தாளை வாசலிலேயே நின்று நெடுநேரம் பார்த்தாய். நீ சொன்னதுதான் உண்மை, நான்தான் நம்பாமல் போனேன் என்றேன்.

"வந்து சொன்னியே, அது போதும்" என்றாய். "உள்ள வா. சாப்பிட்டியா?"

எனக்குச் சோறு போட்டாய். பிறகு இருவருமே அழுதோம், சிரித்தோம்.

பேராசிரியர் உன்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினார். அதைப் பற்றி வெளியான ஆய்வுக் கட்டுரையில் உன் பெயர் முதலில் வந்தது. மலையிலிருந்து கொழுந்துக் கூடையோடு வந்த உன் அம்மாவுக்கு அதைக் காட்டினாயாம். அவர் கேட்டது ஒன்றுதான்: "இப்ப எல்லாரும் நம்புறாங்களா?"

மறு வருடம் நோய் உன்னைக் கொண்டுபோனது.

உன்னை நினைத்தால் இன்னும் கண் கலங்குகிறது. ஆனால் நெஞ்சில் பாரமில்லை. சொல்ல வேண்டியதை உன் முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டேன், நீயும் கேட்டுவிட்டாய்.