பூஜ்யமாகிப்போன பட்டியல்

மகளே, சாப்பாடு அடுப்பின் மேல் மூடியிருக்கிறது. சாவி செருப்பு அலமாரியில்.

நேற்று கம்ப்யூட்டரில் உன் சர்க்யூட் பட்டியலில் 47.0E-6 என்று கிடந்ததைப் பார்த்து, எண்ணுக்கு நடுவே எழுத்து எதற்கு என்று நான் கட்டங்களின் வடிவத்தை மாற்ற, பாதிப் பட்டியல் 0.00 ஆகிவிட்டது. "உன்னை யாரும்மா அதுல கைவைக்கச் சொன்னது?" என்று கத்திவிட்டு நீ கதவைச் சாத்திக்கொண்டாய்.

காலையில் மாடிவீட்டு ரேடியோ மெக்கானிக்கைப் பிடித்தேன். (மனைவி கோபித்துக்கொண்டு போய் எட்டு நாளாகிறது, மனிதர் இன்னும் அதே சட்டையில்தான் இருக்கிறார்.) "மதிப்பு எங்கயும் போகலக்கா, காட்டுற விதம்தான் மாறியிருக்கு. ##0.0E+0ன்னு போடுங்க. E-க்குப் பின்னாடி வர்ற பத்தோட அடுக்கு மூணு மூணாத்தான் ஏறும், இறங்கும். கிலோவா மைக்ரோவான்னு பார்த்ததும் படிச்சுடலாம்" என்றார். போட்டேன். எல்லாம் திரும்பி வந்துவிட்டது. பன்னிரண்டு மணிக்குள் பட்டியலை அனுப்பாவிட்டால் சர்க்யூட் போர்டு செய்து வர அடுத்த மாதம்தான் என்று நீ போனில் சொன்னது காதில் விழுந்தது, சீக்கிரம் எழுந்திரு.

பி.கு.: எண்கள் திரும்பி வந்த கையோடு முழுவதையும் படித்தேன். ஒரே வகைக் கெபாசிட்டர் ஏழில் ஆறு 47.0E-6, ஒன்று மட்டும் 4.7E-6. பத்தில் ஒரு பங்கு! பன்னிரண்டாம் வரிசை. அது என் கைவேலை இல்லை.

இன்னொன்று: அதை மெக்கானிக்கிடம் சொல்லவில்லை. நாக்கு நமநமக்கிறது, சீக்கிரம் திருத்து.

அம்மா