முடிவு காட்டாத வீடியோக்கள்

என் அக்கா, என் லாத்தா ரஸியாவுக்கு,

பள்ளியிலிருந்து வந்து, நெஞ்சு வலிக்கிறது என்று நீ படுத்தாய். அவ்வளவுதான். நீ போய் இரண்டாவது மாதம் நடக்கிறது. நான் சிறுசேரிக்கு வேலைக்குப் போகிறேன், வருகிறேன், சாப்பிடுகிறேன். அழுகைதான் இன்னும் வரவில்லை. கல்நெஞ்சக்காரி என்று சொந்தத்தில் பேசிக்கொள்கிறார்கள். அப்படித்தானோ?

போன வாரம் உன் கோவளம் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். உன் இடத்துக்கு வந்திருக்கும் அறிவியல் டீச்சர், பெயர் கலா. நம் மொட்டைமாடியில் நீ செய்து காட்ட, நான் போனில் எடுத்து யூடியூபில் போட்ட வீடியோக்களைத்தான் வகுப்பில் ஓட்டுகிறாராம். "எல்லாமே பாதியில நின்னுடுதுங்க. அப்புறம் இன்னா ஆச்சுன்னு பசங்க கேட்டுகினே கீதுங்க. மிச்சம் உங்ககிட்ட இருக்குமே, அனுப்புங்களேன்" என்றார்.

இருக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் கடைசி வீடியோவில், கிண்ணத்தில் சேர்ந்ததைக் குடித்துவிட்டு நீ சிரிப்பதுவரை இருக்கிறது. அதை வெட்டச் சொன்னவளே நீதான். பார்ப்பவர்கள் திட்டுவார்கள் என்று நான் சண்டை போட்டேன். "முடிவ நானே காட்டிட்டா, அதுங்க எதுக்குடி செஞ்சு பாக்கணும்?" என்றாய். இப்போது யாரிடம் கேட்பது? அனுப்பவும் மனமில்லை, மறுக்கவும் தெம்பில்லை. லீவு போட்டுவிட்டு நேரில் போனேன்.

பிள்ளைகள் கடலில் மொண்டுவந்த தண்ணீரை அகலமான பாத்திரத்தில் ஊற்றினோம். நடுவில் காலிக் கிண்ணம். மேலே பிளாஸ்டிக் தாள், அது குழிய ஒரு சிறு கல். வெயிலில் வைத்ததும் காற்று தாளைப் பிடுங்கிக்கொண்டு போனது. மறுநாள் கயிற்றால் இறுக்கிக் கட்டினோம். பள்ளி விடுகிற நேரத்தில் கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் தண்ணீர். ஆயிஷா என்ற பெண் விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"மிஸ், உப்பே இல்ல" என்றாள், மெதுவாக.

பிறகு அத்தனை பேரும் விரலை நீட்டினார்கள். கலா டீச்சரும்தான். மிச்ச வீடியோவைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை.

நானும் தொட்டுப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, லாத்தா. ஆனால் கிளம்பப் பிடிக்காமல், பாத்திரங்களைக் கழுவிக்கொண்டு அங்கேயே இருந்தேன்.

நீ சிரிக்கும் அந்தத் துண்டை யாருக்கும் அனுப்ப மாட்டேன். நானும் அதை இன்னும் திறக்கவில்லை. சனிக்கிழமைகளில் செய்முறை வகுப்பு வைக்கப்போகிறாராம் கலா டீச்சர். தவறாமல் போவேன். முதலில் காந்தப் பாடம். பழுதான ஸ்பீக்கரைப் பிரித்துக் காந்தத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.

உன் கூடப்பிறந்த
ஷமீம்