ஒஷாவாவில் தமிழ் வகுப்பு

14 செப்டம்பர் 1996, சனி

இன்று ஒஷாவா கல்லூரியிடமும் தோற்றோம். போன வருடம் இறுதிப் போட்டி வரை போன பேஸ்போல் அணி எங்களது. மழையும் மட்டையும்தான் காரணம் என்றார் பயிற்சியாளர்.

பந்து பிடிப்பவன் நான், எறிபவன் சிவா. எங்கே எறிவதென்று தமிழிலேயே கத்துவேன். கனடாக்கார எதிரணிகளுக்கு விளங்காது. இன்று "கீழ போடடா" என்றதும், பொன்னிறத் தலைமுடிக்காரன் ஒருவன் குனிந்து, காத்திருந்து அடித்தான். அடுத்தவனும் அப்படியே.

எங்களோடு ஆடிய ரஞ்சன் இந்த வருடம் அவர்களிடம் போய்விட்டான். ஒரே கோடையில் முழு அணிக்கும் படிப்பித்திருக்கிறான். நல்ல வாத்தியார்.

முடிவில் வந்து தோளில் தட்டினான்.

"நீ சொல்லுகளை மாத்தியிருப்பாய் எண்டெல்லோ நினைச்சன், மச்சான்."

மாற்றவில்லை. அவன் திரும்பி வந்தால் விளங்க வேண்டுமே என்று அப்படியே வைத்திருந்தேன்.